பிளஸ் டூ முடித்த பிள்ளைகளுக்கு ஒரு பேக்டரி பிட்டர் சொல்வது

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைப் பேக்டரியில் பிட்டராக இருக்கிறேன். ஏப்ரல், மே வந்தால் பச்சை இலை வந்து குவியும், மெஷின் இராப்பகலாக ஓடும். சரியாக அந்த நேரத்தில்தான் பிளஸ் டூ ரிசல்ட்டும் வரும். என்னிடம் யோசனை கேட்பவர்கள் பெரும்பாலும் அம்மாக்கள். வழியில் பார்த்தால் நிறுத்தி, "தம்பி, பையன் பாஸாயிட்டான். உன்னை மாதிரி ஐ.டி.ஐ.யில போடலாமா, இல்லை கோயம்புத்தூர்ல ஏதோ ஒரு வருஷ கோர்ஸ் இருக்காமே, அதுல சேர்க்கலாமா?" என்பார்கள். நின்ற இடத்தில் இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிக்கிற விஷயமாக இது இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் தாத்தா 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர். அங்கேயும் தேயிலை, இங்கேயும் தேயிலை. அப்பா, அம்மா இருவருக்கும் தோட்ட வேலை, குடியிருந்தது தோட்டத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடு. நான் பிளஸ் டூ முடித்தபோது மார்க் சுமார்தான். இன்ஜினியரிங் சேரும் அளவுக்குப் பணமும் இல்லை. குன்னூர் அரசு ஐ.டி.ஐ.யில், அதாவது தொழிற்பயிற்சி நிலையத்தில், பிட்டர் டிரேடு (தொழில் பிரிவு) கிடைத்தது. அந்த நாளில் வீட்டில் யாருக்கும் பிட்டர் என்றால் என்னவென்று தெரியாது. "பைப் மாட்டுறவனா?" என்று பாட்டி கேட்டார்.

அந்த வேலை பிளம்பருடையது. பிட்டர் என்பவன் மெஷினைப் பிரிப்பான், தேய்ந்ததைக் கண்டுபிடிப்பான், மாற்றுவான் அல்லது சரிசெய்வான், மறுபடி பூட்டி அளவு வைத்து ஓட விடுவான். இரண்டு வருடப் படிப்பு. பத்தாம் வகுப்பு தேறியிருந்தால் போதும். எலக்ட்ரீசியன், டர்னர், மெஷினிஸ்ட், மோட்டார் வாகன மெக்கானிக் எல்லாம் இதே போல இரண்டு வருடம். வெல்டர் ஒரு வருடம்தான், அதற்கு எட்டாம் வகுப்பே போதும். அதனால் பிளஸ் டூ முடித்த பிள்ளை இங்கே வந்து உட்காரும்போது, பத்தாவதோடு வந்த பையன் பக்கத்தில் இருப்பான். சிலருக்கு அது கூச்சமாக இருக்கும். இடம் ஒதுக்கும்போது பார்ப்பதும் பத்தாம் வகுப்பு மார்க்கைத்தான். பன்னிரண்டாவதில் கோட்டை விட்டவர்களுக்கு இது நல்ல செய்தி.

முதல் சில மாதங்களுக்கு எங்கள் கையில் கொடுத்தது ஒரு இரும்புத் துண்டும் ஒரு அரமும். இறுக்கிப் பிடிக்கும் வைஸில் மாட்டி, தேய்த்துத் தேய்த்து, நான்கு பக்கமும் சரியான செங்கோணமாகக் கொண்டுவர வேண்டும். முன்னால் தள்ளும்போதுதான் அழுத்தம் கொடுக்கவேண்டும், பின்னால் இழுக்கும்போது லேசாக வர வேண்டும். கை கொஞ்சம் ஆடினாலும் ஓரம் தேய்ந்து நடுப்பகுதி மேடாகிவிடும். சார் செங்கோணம் பார்க்கும் ட்ரை ஸ்கொயரை வைத்து ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்ப்பார். இடையில் வெளிச்சம் கசிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுவார். டிசம்பர், ஜனவரியில் குன்னூர்க் குளிரில் அந்த இரும்பைத் தொட்டாலே விரல் மரத்துப் போகும். இதற்காகவா கட்டபெட்டு வழியாக பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வருகிறோம் என்று அலுத்துக்கொண்டு பாதியில் நின்றவர்கள் உண்டு. நிற்பதானால் அந்தக் கட்டத்தில்தான் நிற்பார்கள். அதைத் தாண்டிவிட்டால் லேத், டிரில்லிங், வெல்டிங், பேரிங் கழற்றுவது, கியர் அளவு வைப்பது என்று போகும். பிறகு யாருக்கும் நிற்கத் தோன்றாது.

அரம் போட்டதன் பலன் எனக்குத் தெரிந்தது பேக்டரிக்கு வந்த பிறகுதான். தேயிலையை அரைக்கும் சி.டி.சி. மெஷினில் இரண்டு ரோலர்கள் எதிரெதிராகச் சுற்றும். ஒன்று வேகமாக, மற்றது அதில் பத்தில் ஒரு பங்கு வேகத்தில். ரோலர் முழுக்க வரிவரியாகப் பல் இருக்கும். வாடிய இலை அந்த இடுக்கில் விழுந்து நசுங்கி, கிழிந்து, சுருண்டு வெளியே வரும். இரண்டு ரோலரும் இணையாக உட்கார வேண்டும். ஒரு முனை நெருங்கி மறுமுனை விலகினால், ஒரு ஓரத்தில் இலை மாவாகும், மறு ஓரத்தில் பாதி இலை அப்படியே விழும். ரொம்ப இறுக்கினால் பல்லோடு பல் உரசித் தேயும், ரோலர் சூடேறும், தூளின் நிறமே கெட்டுவிடும். இடைவெளி அளக்கும் பீலர் கேஜ் வைத்து இரண்டு முனையிலும் அளவு பார்த்து, ஸ்க்ரூவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, மெஷினை ஓட விட்டுக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். பல் மழுங்கினால் ரோலரைக் கழற்றிப் பட்டறைக்கு அனுப்பி, மில்லிங், சேசிங் செய்து கூர் ஏற்றிக் கொண்டுவர வேண்டும். டர்னர், மெஷினிஸ்ட் படித்த பையன்களுக்கு அந்தப் பட்டறைகளில் வேலை உண்டு.

ஹெட் மெக்கானிக் அண்ணன் எனக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது ரோலர் அளவைப் பற்றி இல்லை. "டேய், சுவிட்ச் அணைச்சாப் போதாது. பியூஸ் கேரியரைக் கழட்டி உன் சட்டைப் பையில போட்டுக்கோ, அப்புறம் கை வை. எவனாவது தெரியாம ஆன் பண்ணினா ரோலருக்கு உன் விரல், இலைன்னு வித்தியாசம் தெரியாது." இன்றைக்கும் என் கீழ் வரும் பையன்களிடம் இதைத்தான் முதலில் சொல்கிறேன். பையில் பியூஸ் கேரியர் இல்லாமல் மெஷினுக்குள் கை விட்டவனை அன்றைக்கே வெளியே அனுப்பியிருக்கிறேன்.

சரி, எந்த டிரேடு எடுப்பது? என் அபிப்பிராயம் கொஞ்சம் ஒருபக்கமாக இருக்கும், பிட்டர்தானே நான். ஒரு மெஷின் போனால் அடுத்த மெஷினுக்குக் கூடவே வருகிற கைவேலையாக எடுங்கள். ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் இருந்தது. 1960-ல் தொடங்கிய மத்திய அரசு நிறுவனம், அங்கே வேலை கிடைத்தால் ஊரே பொறாமைப்படும். டிஜிட்டல் கேமரா வந்ததும் பிலிம் வாங்க ஆள் இல்லாமல் நொடித்துப்போனது. மோட்டார், பம்ப், பாய்லர் தெரிந்த ஆள் எங்கே போனாலும் பிழைத்துக்கொள்வார். பிலிமுக்கு மட்டும் பழகிய கைக்கு வேறு இடம் ஏது? ஒரே ஒரு கம்பெனியின் ஒரே ஒரு மெஷினுக்கு ஆள் தயார் செய்கிறோம் என்று யாராவது கோர்ஸ் விற்க வந்தால் இதை நினைத்துப் பாருங்கள்.

எலக்ட்ரீசியன் டிரேடுக்கு மலையில் எப்போதும் ஆள் வேண்டும். பைக்காராவில் 1932-லேயே மின்சாரம் எடுத்த மாவட்டம் இது. குந்தா பவர் ஹவுஸ்கள் இன்றும் ஓடுகின்றன. மின்வாரியத்தில் கள உதவியாளர் வேலைக்கு எலக்ட்ரீசியன், வயர்மேன் மாதிரி ஐ.டி.ஐ. சான்றிதழ்தான் தகுதி. அரசு வேலை கிடைக்காவிட்டாலும் ரிசார்ட், ஆஸ்பத்திரி, பேக்டரி என்று எங்கேயாவது இடம் இருக்கும். ஏற்கனவே யாரிடமாவது ஹெல்பராக வயரிங் பழகியவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. 21 வயது முடிந்து, வயரிங்கில் ஐந்து வருட அனுபவம் இருந்தால், மின்கம்பி உதவியாளர் தகுதிகாண் தேர்வு எழுதலாம். உச்ச வயது கிடையாது. பல வருடமாகக் கம்பி இழுத்துக்கொண்டு, இந்தத் தேர்வு இருப்பதே தெரியாதவர்கள் எங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள்.

மோட்டார் மெக்கானிக்குக்கு மலை ஏறும் காட் ரோடே சோறு போடும். மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறி இறங்கும் வண்டிகளுக்கு பிரேக்கும் கிளட்ச்சும் தேய்ந்துகொண்டேதான் இருக்கும். ஏ.சி. மெக்கானிக் படித்துவிட்டு ஊட்டியில் என்ன செய்வது என்று ஒரு பையன் சிரித்தான். வீடுகளில் ஏ.சி. இல்லைதான், ஆனால் ஓட்டல்களின் கோல்டு ரூமும் பால் குளிரூட்டும் நிலையமும் யார் பார்ப்பது? ஓட்டல் வேலைக்கான பயிற்சிகளும் நல்லவைதான். ஆனால் சீசனில் தலைக்கு மேல் வேலை, மழைக்காலத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். அது ஒத்துவருமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. கம்ப்யூட்டர், தையல் தவிர வேறு டிரேடில் சேர்க்க அம்மாக்கள் தயங்குகிறார்கள். எலக்ட்ரீசியன், பிட்டர், டர்னர் எதிலும் பெண்கள் சேரலாம். ஆண்களுக்கு 40 வயது வரை என்று ஒரு வரம்பு இருக்கிறது. பெண்களுக்கு அதுவும் இல்லை. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்திருந்தால், ஐ.டி.ஐ.யில் சேர்ந்தாலும் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். பையன்களுக்கு இதே போல 2024-லிருந்து தமிழ்ப் புதல்வன் திட்டம் இருக்கிறது. அரசு ஐ.டி.ஐ.யில் படிப்புக்குக் கட்டணம் இல்லை, மாத உதவித்தொகையாக 750 ரூபாயும் பஸ் பாஸும் சைக்கிளும் கிடைக்கும். சைக்கிளை எங்கள் மலை ரோட்டில் ஏற்றுவது வேறு கதை.

இனி அந்த ஒரு வருட கோர்ஸ் விவகாரம். என் சித்தி மகன் சமவெளியில் ஒரு தனியார் இன்ஸ்டிடியூட்டில் தீயணைப்பு, பாதுகாப்பு டிப்ளமோ என்று சேர்ந்தான். நூறு சதவீதம் வெளிநாட்டு வேலை என்று நோட்டீஸ். சித்தி தோட்டத்து பி.எப். பணத்திலிருந்து கடன் எடுத்துக் கட்டினார். சேரும்போதே பத்தாவது, பன்னிரண்டாவது ஒரிஜினல் மார்க் ஷீட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். பாடம் பாதி, பிராக்டிகல் என்று ஒன்று நடந்ததே அபூர்வம். பாதியில் விலகுகிறேன் என்றபோது மீதிக் கட்டணத்தையும் கட்டினால்தான் மார்க் ஷீட் என்றார்கள். நானும் மாமாவும் போய்ச் சத்தம் போட்டு, போலீஸில் எழுதிக் கொடுப்போம் என்ற பிறகுதான் வாங்க முடிந்தது. சான்றிதழ் என்று அவர்கள் கொடுத்த தாளை எந்தக் கம்பெனியும் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரிஜினலை எங்கேயும் விட்டுவிட்டு வராதீர்கள். சரிபார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பதுதான் முறை.

எந்தப் பயிற்சியிலும் சேருமுன் கேட்க வேண்டியது, முடித்ததும் கையில் வரும் சான்றிதழில் யார் முத்திரை இருக்கும் என்பதுதான். ஐ.டி.ஐ. முடித்தால் தேசியத் தொழிற்சான்றிதழ், மத்திய அரசின் பயிற்சி இயக்ககத்தின் பெயரில் வரும். தனியார் ஐ.டி.ஐ. எல்லாம் மோசம் என்று நான் சொல்லவில்லை, அவற்றிலும் அரசு ஒதுக்கீட்டு இடங்கள் உண்டு. ஆனால் அங்கீகாரம் என்பது டிரேடு வாரியாகக் கொடுப்பது. எலக்ட்ரீசியனுக்கு அங்கீகாரம் வாங்கிய இடத்தில் பிட்டருக்கும் இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. இயக்ககத்தின் இணையதளத்தில் நிலையத்தின் பெயரைப் போட்டுத் தேடினால் எந்த டிரேடுக்கு அனுமதி என்று வந்துவிடும். இன்னொன்று, பட்டறையைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். லேத் மேல் தூசி படிந்திருந்தால், வைஸ் தாடையில் துருவேறியிருந்தால் புரிந்துகொள்ளலாம். "அதெல்லாம் சேர்ந்த பிறகு பார்க்கலாம்" என்று சொன்னால் வந்த வழியே கிளம்பிவிடுங்கள்.

ஐ.டி.ஐ.யோடு நிறுத்திக்கொள்கிறவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது அப்ரண்டிஸ் வருடத்தைப் பற்றி, அதாவது ஒரு கம்பெனியில் உதவித்தொகையோடு வேலை பழகுவதைப் பற்றி. 1961 அப்ரண்டிஸ் சட்டப்படி கம்பெனிகள் பயிற்சியாளர்களை எடுக்க வேண்டும், உதவித்தொகையும் தர வேண்டும். 2019-ல் விதியைத் திருத்தியபோது குறைந்தபட்சம் 5,000 முதல் 9,000 வரை, படிப்புக்கு ஏற்றபடி என்று வைத்தார்கள். முடிவில் தேர்வு எழுதினால் தேசிய அப்ரண்டிஸ் சான்றிதழ். நம் பக்கத்திலேயே அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலை இருக்கிறது. ரயில்வேயில் போத்தனூர், பொன்மலை, சென்னை ஐ.சி.எப். (ரயில் பெட்டித் தொழிற்சாலை) என்று பல பட்டறைகள். ரயில்வேயின் கடைநிலைப் பணியிடங்களில் 20 சதவீதம் இந்த அப்ரண்டிஸ் முடித்தவர்களுக்கு என்று ஒதுக்கியிருக்கிறார்கள். குன்னூர் ஷெட்டில் மலை ரயிலின் நீராவி இன்ஜினைப் பிரித்துப் போட்டிருப்பதைப் பார்த்தால் எந்தப் பிட்டருக்கும் கை பரபரக்கும்.

நான் அப்ரண்டிஸ் செய்தது கோயம்புத்தூரில் ஒரு பம்ப் கம்பெனியில். குளிருக்குப் பழகிய உடம்பு, ஏப்ரல் மாதம் அங்கே கணபதி என்கிற பகுதியில் தகரக் கூரை போட்ட ரூமில் தூக்கமே வராது. வேலையிலும் முதல் பாதி வார்ப்படம் தூக்குவதும் இரும்புத் தூளைக் கூட்டி அள்ளுவதும்தான். சூப்பர்வைசரிடம் கேட்டால், "நாளைக்குப் பார்க்கலாம்பா" என்பார். கூட வேலை செய்த சீனியர் ஒருவர்தான் வழி சொன்னார். அப்ரண்டிஸ் ஒவ்வொருவருக்கும் வேலைப் பதிவேடு ஒன்று உண்டு. "அன்னன்னைக்கு செய்த வேலையை அப்படியே எழுதி, கையெழுத்துக்கு நீட்டு" என்றார். "கூட்டிப் பெருக்கினேன்" என்று தொடர்ந்து எழுதிக் கொடுத்தேன். கையெழுத்துப் போடச் சங்கடப்பட்டு, அசெம்பிளிக்கு மாற்றினார்கள். பம்ப் ஷாப்ட்டில் பேரிங் ஏற்றுவதும் அலைன்மென்ட் பார்ப்பதும் அங்கே கற்றதுதான், இன்றைக்குத் தேயிலை உலர்த்தும் டிரையரில் காற்று ஊதும் பிளோயரின் பேரிங் போனாலும் அதே வேலைதான்.

கவனிக்க வேண்டியது இது: சேர்ந்ததும் உங்கள் ஒப்பந்தம் அரசு அப்ரண்டிஸ் போர்ட்டலில் பதிவாகியிருக்கிறதா, அதற்கு எண் வந்திருக்கிறதா என்று பாருங்கள். பதிவில்லாமல் "டிரெயினி" என்று வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் வேலை வாங்கும் இடங்கள் உண்டு. அப்படி எத்தனை வருடம் உழைத்தாலும் தேர்வு எழுத முடியாது, சான்றிதழும் வராது. பயிற்சி முடிந்ததும் அதே கம்பெனி வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டமும் சொல்லவில்லை. அதை நம்பிக் கல்யாணம் பேசிவிட வேண்டாம்.

மேலே படிக்க ஆசைப்படுகிறவர்களுக்கும் கதவு சாத்தவில்லை. இரண்டு வருட ஐ.டி.ஐ. முடித்தால் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் வருடம் சேரலாம். பிளஸ் டூவில் கணக்கு, அறிவியல் பிரிவோ தொழிற்கல்விப் பிரிவோ படித்தவர்கள் ஐ.டி.ஐ. இல்லாமலே நேரடியாக டிப்ளமோ இரண்டாம் வருடத்துக்குப் போகலாம். இது பல பேருக்குத் தெரிவதில்லை. ஊட்டியில் அரசு பாலிடெக்னிக்கே இருக்கிறது. டிப்ளமோ முடித்தால் பி.இ. இரண்டாம் வருடம். மேசை வேலையும் சூப்பர்வைசர் வேலையும் வேண்டும் என்று மனசு வைத்திருக்கும் பிள்ளையை நேராக டிப்ளமோவுக்கே அனுப்புங்கள், ஐ.டி.ஐ.யில் இரண்டு வருடம் வீணாக்க வேண்டாம். பிரித்துப் பூட்டுவதில் குஷிப்படும் பிள்ளை தானாகத் தெரியும். மிக்ஸி கெட்டுப்போனால் கடைக்கு எடுத்துப் போகுமுன் அது நாலு துண்டாகக் கிடக்கும்.

விண்ணப்பம் மே, ஜூனில் ஆன்லைனில்தான். கட்டணம் 50 ரூபாய். குன்னூர், கூடலூர் அரசு ஐ.டி.ஐ.க்களிலேயே உதவி மையம் வைத்து இலவசமாகப் பதிவு செய்து கொடுப்பார்கள், பிரவுசிங் சென்டருக்குக் காசு அழ வேண்டாம். டிரேடுகளை வரிசைப்படுத்திக் கொடுக்கும்போது பக்கத்து வீட்டுப் பையன் போட்ட அதே வரிசையைப் போடாதீர்கள். சாதிச் சான்றிதழ் கையில் இருக்க வேண்டும். எங்களைப் போன்ற தாயகம் திரும்பிய குடும்பங்களில் இதற்குத்தான் அதிகம் அலைகிறார்கள், ரிசல்ட் வரும்வரை காத்திருக்காமல் முன்னாடியே விண்ணப்பித்துவிடுங்கள்.

எங்கள் லைனில் ஒரு அக்காவின் மகள் எலக்ட்ரீசியன் டிரேடு முடிக்கப் போகிறாள். போன வாரம் அக்கா பிடித்துக்கொண்டார்: "இப்ப டிப்ளமோ சேர்க்கட்டுமா, அப்ரண்டிஸ் அனுப்பட்டுமா?" ரயில்வே மாதிரி இடங்களில் அப்ரண்டிஸுக்கு வயது வரம்பு இருக்கிறது, ஐ.டி.ஐ. முடித்தவர்களுக்கு 24. டிப்ளமோவில் அதற்கு அடுத்த வருடமும் சேரலாம். முதலில் அப்ரண்டிஸுக்கே போகட்டும், போத்தனூருக்கும் அருவங்காட்டுக்கும் இரண்டுக்கும் போடச் சொல்லுங்கள் என்றேன். "போத்தனூர்னா தங்க இடம்?" என்றார். கோயம்புத்தூரில் வேலைக்குப் போகும் பெண்களுக்கான அரசின் தோழி விடுதி இருக்கிறதா, இடம் கிடைக்குமா என்று விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன். அது அமையாவிட்டால் அருவங்காடுதான், காலை முதல் பஸ்ஸைப் பிடித்தால் வீட்டிலிருந்தே போய் வரலாம்.